ஆய்வு நூலுக்குப் பொருளடைவு தயாரித்தல்: முழுமையான வழிகாட்டி

நூலின் முகப்பில் வருவது பொருளடக்கம். நூலின் கடைசியில், எந்தச் செய்தி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அகர வரிசையில் காட்டுவது பொருளடைவு. பள்ளித் தலைமை, கல்வி நிர்வாகம், இலக்கிய ஆய்வு, வரலாறு என்று எந்தத் துறை நூலானாலும், ஒருமுறை படித்து முடித்தவர் அதை மறுபடியும் கையில் எடுப்பது எதையாவது தேடத்தான். தேடியது கிடைக்காத நூல் அலமாரிக்குப் போய்விடும். அடுத்த கட்டுரையில் மேற்கோளாக வராது. ஐந்தாறு ஆண்டு உழைத்து ஒருவர் எழுதிய நூலுக்கு அப்படி நேரக்கூடாது என்பதால்தான் இந்த வேலையில் எனக்கு இவ்வளவு பிடிவாதம்.

ஆய்வு நூல்கள் பலவற்றுக்கு அடைவு செய்திருக்கிறேன். ஆய்வு மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தும் இருக்கிறேன். புதியவர்கள் இடறுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்: வேலைகளை முன்பின் மாற்றிச் செய்கிறார்கள், கணினித் தேடலை அளவுக்கு மீறி நம்புகிறார்கள். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், பக்கம் கட்டி முடித்த கடைசி மெய்ப்பின் (புரூஃப்) தாள் அச்சு. திரையில் படித்து அடைவு செய்ய முயன்றவர்கள் பாதியில் சோர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பென்சிலால் கோடு போட இடம் வேண்டும்.

இரண்டாவது, நூலின் ஒருங்குறி (யூனிகோட்) கோப்பு. அச்சுக்கூடம் பழைய எழுத்துரு ஒன்றில் பக்கம் கட்டியிருந்தால் பி.டி.எஃப். கோப்பில் தமிழ்ச் சொல்லைத் தட்டித் தேட முடியாது. ஒருங்குறியில் கட்டியிருந்தாலும் கொம்பு, கால் இடம் மாறித் தேடல் தவறுவது உண்டு. அதனால் தேடுவதற்கு ஆசிரியரின் மூலக் கோப்பு, பக்க எண் பார்ப்பதற்குத் தாள் மெய்ப்பு என்று இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, எக்செல் அல்லது லிப்ரே ஆஃபிஸில் ஒரு விரிதாள். தலைச்சொல் (அடைவில் அகர வரிசையில் நிற்கும் சொல்), உட்தலைப்பு (அதன் கீழ் வரும் பிரிவு), பக்கம், குறிப்பு என்று நான்கு பத்திகள் போதும்.

நான்காவது, அடைவுக்கு எத்தனை பக்கம் கிடைக்கும் என்ற விவரம். நூல் பெரும்பாலும் 16 பக்கப் பாரங்களாக, அதாவது ஒரே தாளில் அச்சிட்டு மடிக்கும் தொகுதிகளாக, அச்சாகிறது. எல்லாம் சேர்ந்து 248 பக்கத்தில் முடிந்தால், பதினாறாவது பாரத்தில் 8 பக்கம் மீதம் இருக்கும். அந்த எட்டுப் பக்கத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள். கேட்காவிட்டால் அது பதிப்பகத்தின் நூற்பட்டியலுக்குப் போய்விடும்.

2. பக்கம் உறுதியாகும் வரை எண் எழுத வேண்டாம்

பள்ளித் தலைமை பற்றிய ஒரு நூலுக்கு நான் அடைவை முடித்துக் கொடுத்த பிறகு, ஒரு பெரியவரின் அணிந்துரை வந்து சேர்ந்தது. ஆறு பக்கம். அணிந்துரையிலிருந்தே 1, 2 என்று எண் போட்டிருந்ததால் நூல் முழுவதும் ஆறு பக்கம் தள்ளிப்போனது. விரிதாளில் எல்லா எண்ணோடும் ஆறைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆனால் இடையில் ஓர் அட்டவணையையும் நகர்த்தியிருந்தார்கள். அந்த அத்தியாயத்துக்குப் பிறகு வந்த எண்கள் எல்லாம் தவறின. ஒவ்வொன்றையும் மறுபடி பார்க்க நான்கு நாள் பிடித்தது.

இதற்கு இரண்டு காப்பு உண்டு. அணிந்துரை, முன்னுரை, நன்றியுரை ஆகியவற்றுக்கு ரோமன் எண்ணும், முதல் அத்தியாயத்திலிருந்து 1, 2, 3 என்றும் போடச் சொல்லுங்கள். பிறகு எத்தனை அணிந்துரை வந்தாலும் உங்கள் எண் அசையாது. அடுத்து, “இனிப் பக்கம் மாறாது” என்று பதிப்பாசிரியர் எழுத்தில் சொன்ன பிறகே விரிதாளின் மூன்றாம் பத்தியை நிரப்பத் தொடங்குங்கள். தலைச்சொல் தேர்வை அதற்கு முன்பே செய்யலாம். அதில் நேரம் வீணாகாது.

3. முதல் வாசிப்பு: பென்சிலோடு, முழுவதுமாக

கணினியைத் தொடாமல் நூலை முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். ஒவ்வொரு பத்தியிலும் ஒரே கேள்வி: “இதைத் தேடி யாராவது வருவார்களா? வந்தால் என்ன சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு வருவார்கள்?” வருவார்கள் என்றால் கோடு போடுங்கள், அவர்கள் நினைக்கும் சொல்லை ஓரத்தில் எழுதுங்கள். அந்தச் சொல் பத்தியில் இல்லாமலும் இருக்கலாம். தாமதமாக வரும் ஆசிரியரைத் தலைமையாசிரியர் எப்படித் தனியாக அழைத்துப் பேசினார் என்று ஒரு பத்தி விவரிக்கிறது. “ஒழுங்கு நடவடிக்கை” என்ற சொல் அதில் எங்கும் இல்லை. ஆனால் அந்தத் தலைப்பில் தேடுகிறவருக்கு அந்தப் பத்திதான் வேண்டும். கணினித் தேடலால் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

இதற்கு நேர்மாறான தவறு, கண்ணில் பட்டதையெல்லாம் பதிவு செய்வது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை அடுக்குகிறார். உங்கள் நூலில் அந்தப் பகுதி ஒரு மேற்கோளாக வந்தால் காந்தள், ஆம்பல், அனிச்சம் என்று 99 பதிவு எழுத வேண்டாம். அந்தப் பக்கத்துக்குப் போகிறவருக்கு அங்கே பெயரைத் தவிர வேறெதுவும் கிடைக்காது. “குறிஞ்சிப்பாட்டு, மலர்ப் பட்டியல்” என்ற ஒரு பதிவு போதும். சங்க இலக்கியத் தாவரங்களைப் பற்றியே நூல் என்றால் கதை வேறு. அப்போது 99ஐயும் எழுதத்தான் வேண்டும்.

பெயர் மட்டும் வந்துபோகும் இடத்தை விடுங்கள். அந்தப் பெயரைப் பற்றி ஒரு செய்தியாவது இருக்கும் இடத்தை எடுங்கள். அடிக்குறிப்பில் செய்தி இருந்தால் 45கு என்று குறியுங்கள்.

4. தலைச்சொல்லை முடிவு செய்தல்

தலைச்சொல் பெயர்ச்சொல்லாக, வேற்றுமை உருபு இல்லாமல் இருக்க வேண்டும். “ஆசிரியர்களை ஊக்குவித்தல்” என்று தொடங்காமல் “ஆசிரியர்கள்” என்று தலைச்சொல் வைத்து, “ஊக்குவித்தல்” என்பதை உட்தலைப்பாக்குங்கள். ஒருமையா பன்மையா என்பதை முதல் நாளே தீர்மானித்துவிடுங்கள். பாதியில் மாறினால் “பள்ளி”, “பள்ளிகள்” என்று ஒரே செய்தி இரண்டு இடத்தில் சிதறும்.

ஒரே பொருளுக்குப் பல பெயர் இருக்கும்போதுதான் உண்மையான வேலை. 2009ஆம் ஆண்டின் சட்டத்தை ஓர் அத்தியாயம் “குழந்தைகளுக்கான இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம்” என்கிறது, அடுத்தது “கல்வி உரிமைச் சட்டம்” என்கிறது, மூன்றாவது “ஆர்.டி.இ.” என்கிறது. வாசகர் முதலில் நினைக்கும் பெயரில், அதாவது “கல்வி உரிமைச் சட்டம் (2009)” என்பதன் கீழ், எல்லா எண்ணையும் கொடுங்கள். மற்றவற்றிலிருந்து “காண்க” என்று இங்கே அனுப்புங்கள். இரண்டு மூன்று எண் மட்டுமே என்றால் அனுப்ப வேண்டாம். இரண்டு இடத்திலும் எண்ணையே போட்டுவிடுங்கள். ஓர் எண்ணுக்காக வாசகரை இரண்டு முறை புரட்டவைப்பது நியாயமில்லை.

ஒன்றுபோல் தெரிந்தாலும் வேறானவற்றைச் சேர்த்துவிடுவது இதைவிடக் கெடுதல். 1956இல் காமராசர் ஆட்சியில் தொடங்கியது மதிய உணவுத் திட்டம். 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்தது சத்துணவுத் திட்டம். 2022இல் வந்தது முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம். இவை மூன்று பதிவுகள். ஒவ்வொன்றின் கீழும் “மேலும் காண்க” என்று மற்ற இரண்டையும் காட்டலாம். பள்ளி மேலாண்மைக் குழுவும் பெற்றோர் ஆசிரியர் கழகமும் அப்படியே. மேலாண்மைக் குழு கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி அமைவது. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ காப்பாளராகவோ இருக்க வேண்டும். பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு அமைப்பு. ஆசிரியர் ஓரிடத்தில் இரண்டையும் குழப்பி எழுதியிருந்தால், அடைவு செய்யும்போதுதான் அது தெரியவரும். தயங்காமல் அவரைக் கேளுங்கள்.

ஒரே சொல் பல பொருள் தந்தால் பிறைக்குறியில் பிரியுங்கள். இலக்கிய நூல்களில் இது அடிக்கடி வரும்:

குறிஞ்சி (திணை), 12–19
குறிஞ்சி (பண்), 88
குறிஞ்சி (மலர்), 14, 52

5. ஆட்பெயர்கள்

தமிழ்ப் பெயருக்குக் குடும்பப் பெயர் இல்லை. முன்னால் நிற்கும் எழுத்துகள் ஊரையோ தந்தையையோ குறிப்பவை. ஆகவே இயற்பெயரை முன்னே வைத்து, முன்னெழுத்தைப் பின்னே கொண்டுபோங்கள்: சாமிநாதையர், உ. வே.; தாமோதரம் பிள்ளை, சி. வை.; வையாபுரிப் பிள்ளை, எஸ். ஐரோப்பியருக்கும் வட இந்தியர் பலருக்கும் கடைசியில் வருவது குடும்பப் பெயர். அதை முன்னே வையுங்கள்: போப், ஜி. யு.; சென், அமர்த்தியா. வெளித்தோற்றத்தில் விதி ஒன்றுதான். காரணம் வேறு என்பதை மறந்தால் “கல்கி”, “ஆறுமுக நாவலர்” போன்ற பெயர்களில் தடுமாறுவீர்கள். ஆறுமுக நாவலர் “ஆ”வில்தான் இருக்க வேண்டும். நாவலர் என்பது பட்டம்.

புனைபெயர் புகழ்பெற்றதாக இருந்தால் அதுவே தலைச்சொல். “விருத்தாசலம், சொ., காண்க புதுமைப்பித்தன்”, “பெஸ்கி, காண்க வீரமாமுனிவர்”, “வேதாசலம், காண்க மறைமலை அடிகள்” என்று மற்றப் பெயரிலிருந்து அனுப்புங்கள்.

அரசர் பெயரில் அடைமொழியைப் பின்னுக்குத் தள்ளுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள். நெடுஞ்செழியன் என்று மட்டும் எழுதினால் தலையாலங்கானத்துச் செருவென்றவனும் ஆரியப்படை கடந்தவனும் ஒருவனாகிவிடுவார்கள். ஔவையார் விஷயமும் அப்படித்தான்: சங்கப் புலவர் ஒருவர், ஆத்திசூடி பாடியவர் வேறொருவர். பிறைக்குறியில் காலத்தையோ நூலையோ கொடுங்கள்.

முன்னெழுத்து இல்லாமல் “கிருஷ்ணமூர்த்தி” என்று மட்டும் மெய்ப்பில் இருந்தால் ஊகிக்க வேண்டாம். ஆசிரியரைக் கேட்டு, மெய்ப்பையும் சேர்த்துத் திருத்துங்கள்.

6. இப்போது கணினியில் தேடுங்கள்

பென்சில் வாசிப்பு முடிந்தபின் தேடல் நல்ல துணை, விட்டுப்போனதைப் பிடித்துக்கொடுக்கும். முதலிலேயே அதைப் பயன்படுத்தினால் ஏமாற்றும். ஏனென்றால் உருபு ஏறும்போது தமிழ்ச் சொல்லின் உருவமே மாறுகிறது.

“ஆறு” என்று தேடினால் ஆற்றில், ஆற்றங்கரை, ஆற்றுப்படுகை எதுவும் வராது. எண் ஆறும் “ஆறுதல்” என்பதும் வரும். “நாடு” தேடினால் நாட்டில், நாட்டார் வராது. “சொல்” தேடினால் சொற்கள், சொற்பொருள் வராது. “மரம்” தேடினால் மரத்தை, மரங்கள் வராது. சரி, “மர” என்று சுருக்கினால் மரபு, மரணம் எல்லாம் வந்து குவியும்.

எனவே ஒவ்வொரு தலைச்சொல்லுக்கும் இரண்டு மூன்று வேர் வடிவங்களை எழுதி வைத்துத் தேடுங்கள்: மரம், மரத், மரங், ஆற்று, ஆற்றி, ஆற்றங், சொல், சொற். விரிதாளின் குறிப்புப் பத்தி இதற்குத்தான். தேடிய வடிவங்களை அங்கே எழுதிவைத்தால், மறுநாள் எங்கே விட்டோம் என்று திகைக்க வேண்டியதில்லை.

எழுத்து வேறுபாட்டையும் மறக்க வேண்டாம். காமராஜர், காமராசர், ரங்கநாதன், அரங்கநாதன், ஜெயங்கொண்டார், செயங்கொண்டார். ஒரே நூலில் இரண்டும் இருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு பிழையும் உண்டு. “ஔ” என்ற ஓரெழுத்துக்குப் பதிலாக “ஒ”வையும் “ள”வையும் அடுத்தடுத்துத் தட்டியிருப்பார்கள். அச்சில் வித்தியாசம் தெரியாது. தேடலில் ஒளவையார் கிடைக்கமாட்டார், வரிசையில் ஒழுக்கத்துக்குப் பின்னால் போய் நிற்பார். கௌ, சௌ போன்ற உயிர்மெய்களிலும் இது நடக்கிறது. தேடலைத் தொடங்கும் முன்பே கோப்பில் இவற்றைத் திருத்திவிடுங்கள்.

7. எண்கள் குவிந்தால் உட்தலைப்பு

பள்ளித் தலைமை நூலில் “தலைமையாசிரியர்” என்ற சொல்லின் பின் நாற்பது பக்க எண் வரிசையாக நின்றால் அதை ஒருவரும் பயன்படுத்த மாட்டார். ஆறேழு எண்ணைத் தாண்டினால் பிரித்துவிடுவது என் வழக்கம்:

தலைமையாசிரியர்
ஆசிரியர்களோடு உறவு, 58–63
காலை வழிபாட்டுக் கூட்டம், 41
நிதிப் பொறுப்பு, 97–102
பணியிட மாறுதல், 120–124
பெற்றோர் சந்திப்பு, 75, 80

58–63 என்றால் பேச்சு தொடர்ந்து நடக்கிறது. 75, 80 என்றால் இரண்டு தனி இடங்கள். இந்த வேறுபாட்டைக் காப்பாற்றுங்கள். 58, 59, 60, 61 என்று நீட்டவும் வேண்டாம். தனித்தனி இடங்களைக் கோடு போட்டு இணைக்கவும் வேண்டாம்.

நூலின் மையப் பொருளே தலைச்சொல்லாக வந்தால் அதைச் சிறியதாக வையுங்கள். பள்ளித் தலைமை பற்றிய நூலில் “பள்ளித் தலைமை” என்ற பதிவின் கீழ் எல்லாவற்றையும் கொட்டினால் அது இரண்டாவது பொருளடக்கமாகிவிடும். வரையறை எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டினால் போதும்.

8. அகர வரிசை: கணினியைச் சோதித்த பிறகே

உயிர் பன்னிரண்டு, ஆய்தம், பிறகு க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ ழ ள ற ன என்ற வரிசையை நாம் அறிவோம். ஒருங்குறியின் குறியெண் (கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் உள்ள எண்) வரிசை இதுவல்ல. அங்கே ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ழ-வுக்கு முன்னே ள. ச-வுக்கும் ஞ-வுக்கும் இடையில் ஜ. உங்கள் மென்பொருள் எதைப் பின்பற்றுகிறது என்று நான்கு சொல்லால் சோதிக்கலாம். பழம், பள்ளி, பறவை, பனை என்று தட்டி வரிசைப்படுத்துங்கள். இதே வரிசையில் வந்தால் நல்லது. அப்படியே தலைகீழாக, பனையில் தொடங்கிப் பழத்தில் முடிந்தால், அது குறியெண்ணைப் பின்பற்றுகிறது.

அடுத்து அகம், அக்கரை இரண்டையும் தட்டுங்கள். மெய் முன்னே, உயிர்மெய் பின்னே என்பதால் அக்கரை முதலில் வர வேண்டும். குறியெண் வரிசையில் புள்ளி கடைசியில் இருப்பதால் அகம் முந்திக்கொள்ளும். சோதனை தவறினால் ஆவணத்தின் மொழியைத் தமிழ் என்று அமைத்து மறுபடி முயலுங்கள். அப்போதும் சரிவராவிட்டால் கணினி தந்த வரிசையை அச்செடுத்து, ழ ள ற ன வரும் இடங்களையும் புள்ளி வரும் இடங்களையும் கையால் மாற்றுங்கள். 600 பதிவுக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

கிரந்த எழுத்துகளை ன-வுக்குப் பின் ஜ, ஷ, ஸ, ஹ என்று வைப்பது அகராதி வழக்கம். எண்ணில் தொடங்குபவற்றைச் சொல்லாக்குங்கள்: “10ஆம் வகுப்பு” என்பதைப் “பத்தாம் வகுப்பு” என்று ப-வில் வையுங்கள்.

இனி, பலர் கவனிக்காத ஒன்று: சந்தி ஒற்று. ஒற்றைக் கணக்கில் எடுத்தால் இப்படி வரும்: கல்வி உரிமை, கல்வி நிதி, கல்வி முறை, கல்விக் கொள்கை, கல்வித் துறை. ஒற்றை விட்டுவிட்டு அடுத்த சொல்லைப் பார்த்தால்: கல்வி உரிமை, கல்விக் கொள்கை, கல்வித் துறை, கல்வி நிதி, கல்வி முறை. நான் இரண்டாவதையே வைத்துக்கொள்கிறேன். தேடி வருகிறவர் “கல்வி” என்ற சொல்லையும் “கொள்கை” என்ற சொல்லையும் மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறார். நடுவில் ஒற்று மிகுமா என்று யோசித்துக்கொண்டு வரமாட்டார். எதைத் தேர்ந்தாலும் நூல் முழுக்க ஒன்றாகவே இருக்கட்டும்.

9. செய்யுளுக்குத் தனி அடைவு

இலக்கிய ஆய்வு நூலில் மேற்கோள் பாடல்களைப் பொருளடைவோடு கலக்க வேண்டாம். பாட்டு முதற்குறிப்பு என்று தனியே கொடுங்கள். முதலடியின் தொடக்கம், நூற்பெயரும் பாடல் எண்ணும், பிறகு உங்கள் பக்கம்:

யாதும் ஊரே (புறநானூறு 192), 33
யாயும் ஞாயும் (குறுந்தொகை 40), 17, 71

பாடல் எண்ணை விட்டுவிட்டு ஏதோ ஒரு பதிப்பின் பக்க எண்ணைத் தருவது அடிக்கடி நடக்கும் பிழை. பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும். பாடல் எண் பெரும்பாலும் மாறாது. நூலில் பாடலின் நடு அடி மட்டும் மேற்கோளாக இருந்தாலும், அடைவில் முதலடியையே கொடுங்கள்.

10. சோதனையும் அச்சும்

அடைவு முடிந்ததும் நூலைப் படிக்காத ஒருவரிடம் அதை மட்டும் கொடுத்து, பத்துக் கேள்வி கேளுங்கள். “புதிதாகப் பொறுப்பேற்ற தலைமையாசிரியர் முதல் வாரத்தில் என்ன செய்ய வேண்டும்?” “இடைநிற்றல் பற்றி எங்கே பேசுகிறது?” அவர் எந்தச் சொல்லை முதலில் புரட்டுகிறார் என்று அருகில் இருந்து பாருங்கள். அவர் தேடி அங்கே இல்லாத சொல் ஒவ்வொன்றும் நீங்கள் சேர்க்க வேண்டிய ஒரு “காண்க”.

பிறகு இருபது பதிவுகளைக் கண்ணை மூடித் தொட்டு, ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒன்று தவறினால் தட்டச்சுப் பிழையாக இருக்கலாம். மூன்று தவறினால் அத்தியாயம் ஒன்று முழுதாக நகர்ந்திருக்கிறது என்று பொருள்.

அடைவின் தலைப்பில் மூன்று வரிக் குறிப்பு எழுதுங்கள்: “கு” என்றால் அடிக்குறிப்பு, கிரந்த எழுத்துகள் கடைசியில், சந்தி ஒற்று வரிசையில் கணக்கில்லை. அச்சுக்கூடத்துக்கு இரண்டு பத்தி, நூலின் எழுத்தைவிட ஒன்றிரண்டு புள்ளி சிறிய எழுத்து என்று சொல்லுங்கள். மெய்ப்பு வந்ததும் ஒரு தலைச்சொல் இடப்பக்க அடியிலும் அதன் உட்தலைப்புகள் அடுத்த பக்கத்திலும் பிரிந்து நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் மேலே “தலைமையாசிரியர் (தொடர்ச்சி)” என்று சேர்க்கச் சொல்லுங்கள்.

விரிதாளையும் கடைசி மெய்ப்பையும் ஒரே உறையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். இரண்டாம் பதிப்பு வரும்போது தலைச்சொற்களை மறுபடி தேட வேண்டியிருக்காது. மூன்றாம் பத்தியை மட்டும் அழித்துவிட்டுப் புதிய பக்கங்களை நிரப்பலாம்.